19 கோப்புகளும் விடுபட்ட ஓர் அடைப்புக்குறியும்: சுங்குடிக் கடை இணையதளம், ஒரு நிகழ்வு ஆய்வு

மதுரை விளக்குத்தூணுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் மூன்று தலைமுறையாகச் சுங்குடிச் சேலை விற்கும் கடை அது. கடைக்காரர் மகளை உசிலம்பட்டியில் கட்டிக்கொடுத்திருக்கிறார். வாரம் ஒருமுறை ஆரப்பாளையத்தில் பஸ் ஏறுவார். உட்கார இடம் கிடைத்ததும் தன் கடையின் இணையதளத்தைக் கைப்பேசியில் திறந்து பார்ப்பது அவர் வழக்கம். அப்படிப் போன ஒரு மாலையில்தான், அந்தத் தளத்தைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு அழைப்பு வந்தது. "தம்பி, நாகமலை புதுக்கோட்டையில் திறந்தேன். செக்கானூரணி வந்துவிட்டது. இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. சேலை எங்கே?"

மிகைப்படுத்துகிறார் என்று தெரியும். ஆனால் அவர் சொன்ன ஒரு சொல்லில் நோயின் பெயர் இருந்தது. "மெதுவாக வருகிறது" என்று அவர் சொல்லவில்லை, "வெள்ளையாக இருக்கிறது" என்றார். படங்கள் கனமாக இருந்தால் பக்கம் வெள்ளையாக நிற்காது. எழுத்தும் பொத்தானும் முதலில் வந்துவிடும், சேலைப் படம் இருக்கவேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்து பிறகு நிரம்பும். அதற்கு முந்தைய மாதம்தான் எங்கள் அலுவலகத்துப் பெண் எல்லாப் படங்களையும் சுருக்கி ஏற்றியிருந்தாள். ஆகவே படத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேட வேண்டியிருந்தது.

பக்கத்தின் தோற்றத்தைச் சொல்வது சிஎஸ்எஸ். நிறம், எழுத்தின் அளவு, எது எங்கே உட்காரும் என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். பக்கத்தின் தலைப்பகுதியில் குறிப்பிட்டிருக்கும் சிஎஸ்எஸ் கோப்புகள் வந்து சேரும்வரை உலாவி திரையில் எதையும் வரையாது. அலங்காரம் இல்லாத பக்கத்தை முதலில் காட்டிவிட்டுப் பிறகு கலைத்து அடுக்கினால் பார்ப்பவருக்குக் கண் கூசும் என்பதால் வைத்த ஏற்பாடு அது. அதன் விலை என்னவென்றால், பத்துக் கோப்புகளில் ஒன்பது வந்து ஒன்று வழியில் நின்றாலும் திரை வெள்ளையாகவே கிடக்கும். கடைசி ஆள் வந்தால்தான் பந்தி என்று வைத்துக்கொண்ட கல்யாண வீடு மாதிரி. பஸ்ஸில் சிக்னல் வந்து வந்து போகிறது. எத்தனை கோப்புகளோ அத்தனை முறை வழியில் நிற்க வாய்ப்பு.

பக்கத்தின் மூலத்தைத் திறந்து எண்ணினேன். சிஎஸ்எஸ் இணைப்புகள் 18 இருந்தன. வந்திறங்கும் கோப்புகளையெல்லாம் பட்டியலிடும் உலாவியின் நெட்வொர்க் பலகையில் பார்த்தால் 19. அந்த ஒன்று எங்கிருந்து வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன், பெரிய திருடன் அவன்தான்.

தளம் வேர்ட்பிரஸ் என்ற இணையதள மென்பொருளில் கட்டப்பட்டது. எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் கை வைத்திருக்கிறார்கள். வேர்ட்பிரஸில் ப்ளக்இன்கள், அதாவது கூடுதல் வசதிக்காகச் செருகும் துணைநிரல்கள், பெரும்பாலும் தமக்கென ஒரு சிஎஸ்எஸ் கோப்போடு வரும். தேவைப்படும் பக்கத்தில் மட்டும் அதை அழைக்கும் நாகரிகம் பல ப்ளக்இன்களுக்குக் கிடையாது, எல்லாப் பக்கத்திலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். தொடர்புப் படிவத்துக்கு ஒன்று, நகரும் படங்களுக்கு ஒன்று, கூடைக்கு ஒன்று, ஐகான் எழுத்துருவின் இரண்டு பதிப்புகளுக்கு ஒவ்வொன்று. ஒரு கோப்பைத் திறந்து பார்த்தபோது சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தின் மேலிருந்து பனி பொழிவதற்கான அலங்காரம் அது. யாரோ ஒரு டிசம்பரில் போட்டு, பனியை நிறுத்திவிட்டு ப்ளக்இன்னை எடுக்க மறந்துவிட்டார்கள். மதுரையின் அக்னி நட்சத்திர வெயிலிலும் அந்தக் கோப்பு தினமும் வாடிக்கையாளர் கைப்பேசிக்குப் போய்க்கொண்டிருந்தது.

காத்திருப்பின் கணக்கைப் பார்ப்போம். தளம் அப்போது எச்டிடிபி 1.1 என்ற பழைய பரிமாற்ற முறையில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு சர்வரோடு உலாவி ஒரே நேரத்தில் ஆறு இணைப்புகள் வைத்துக்கொள்ளும். ஓர் இணைப்பில் ஒரு கோப்பு முடிந்தால்தான் அடுத்தது. பக்கத்தின் வேகத்தை நாங்கள் அளக்கப் பயன்படுத்தும் லைட்ஹவுஸ் என்ற கருவி, கைப்பேசிச் சோதனைக்கு ஒரு போய்வருதலுக்கு (கேள்வி சர்வருக்குப் போய்ப் பதில் வர) 150 மில்லிவினாடி என்றும், வேகம் நொடிக்கு 1.6 மெகாபிட் என்றும் வைத்துக்கொள்கிறது. எங்கள் சர்வரிலிருந்து நேரடியாக வரவேண்டியவை 17. ஆறு ஆறாக எடுத்தால் மூன்று நடை, அதாவது 450 மில்லிவினாடி. பக்கத்தைக் கொண்டுவந்த இணைப்பு ஒன்றுதான் ஏற்கெனவே திறந்திருக்கிறது. மற்ற ஐந்தையும் புதிதாகத் திறக்க, கைகுலுக்கவும் பூட்டுப் போடவும் சேர்த்து இன்னும் இரண்டு மூன்று போய்வருதல். மறைந்திருந்த அந்தப் பத்தொன்பதாவதற்குத் தனியாக ஒரு நடை. ஒரு பைட்டின் எடையைக்கூடக் கணக்கில் சேர்க்காமலே ஒரு வினாடி போய்விட்டது. கூகுள் எழுத்துருவுக்கான பதினெட்டாவது கோப்பு வேறு வீட்டிலிருந்து வருவதால், அந்த வீட்டின் முகவரியைத் தேடுவதிலிருந்து தொடங்க வேண்டும்.

இப்போது அந்தத் திருடன். தளத்தின் தோற்றம் ஒரு தாய் தீமும் (தீம் என்பது ஆயத்தமான தோற்றத் தொகுப்பு) அதன்மேல் ஒரு சேய் தீமுமாக அமைந்திருந்தது. சேய் தீமின் சிஎஸ்எஸ்ஸில் முதல் வரி "இம்போர்ட்" என்று தாய் தீமின் கோப்பை அழைத்தது. ஒரு காலத்தில் எல்லோரும் அப்படித்தான் எழுதினோம், நானும் எழுதியிருக்கிறேன். இதில் உள்ள வில்லங்கம், தாய்க் கோப்பு என்று ஒன்று இருப்பதே உலாவிக்கு முன்கூட்டித் தெரியாது. சேய்க் கோப்பு முழுதாக இறங்கி, அதைப் படித்த பிறகுதான் தெரியும். பிறகுதான் ஆள் அனுப்பும். மற்ற பதினேழும் ஓரளவுக்கு அருகருகே ஓடி வந்தன, இது மட்டும் வரிசையில் பின்னால் நின்றது. தளத்தின் மிகப் பெரிய சிஎஸ்எஸ் கோப்பும் அதுதான்.

மருந்து தெரிந்துவிட்டது, எல்லாவற்றையும் ஒரே கோப்பாகச் சேர்த்துவிடலாம். பழைய வைத்தியம்தான். இதற்கு நேர் எதிரான தொல்லையும் ஒரு காலத்தில் இருந்தது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் ஒன்பதாம் பதிப்பு வரை ஒரு பக்கத்தில் 31 சிஎஸ்எஸ் கோப்புகளுக்கு மேல் இருந்தால் மிச்சத்தைக் கண்டுகொள்ளாது. ஒரே கோப்பில் 4,095 தேர்விகளுக்கு (அலங்காரம் எந்தப் பொருளுக்கு என்று சுட்டுபவை) மேல் போனாலும் மிச்சத்தைக் கண்டுகொள்ளாது. சேர்த்தாலும் அடி, பிரித்தாலும் அடி. அந்த உலாவி போய்ச் சேர்ந்தது, நாங்கள் பிழைத்தோம்.

தானாகச் சேர்த்துத் தரும் ப்ளக்இன்கள் உண்டு. ப்ளக்இன்களால் வந்த வினையை இன்னொரு ப்ளக்இன் கொண்டு தீர்க்க எனக்கு மனம் வரவில்லை. கையாலேயே செய்வோம் என்றேன். அந்த வீறாப்புக்கு மூன்று நாள் விலை கொடுத்தேன்.

முதல் நாள் நான் செய்தது சோம்பேறித்தனம். சர்வரில் பக்கம் நேரடியாக அழைத்த கோப்புகளையெல்லாம் ஒரு கோப்புறையில் போட்டு, ஒற்றைக் கட்டளையில் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டினேன். கட்டளை, கோப்புகளைப் பெயரின் அகரவரிசையில் எடுத்துக்கொண்டது. பக்கம் வந்தது, ஆனால் அரக்கு நிறத்தில் இருக்கவேண்டிய விலை சாம்பல் நிறத்தில் வந்தது, "கூடையில் இடு" பொத்தான் பாதியாகச் சிறுத்திருந்தது. சிஎஸ்எஸ்ஸின் பெயரிலேயே இருக்கும் "கேஸ்கேடிங்" என்ற சொல்லுக்கு அருவிபோல ஒன்றன்மேல் ஒன்று விழுவது என்று பொருள். ஒரே வலிமையுள்ள இரண்டு விதிகள் ஒரே பொருளைப் பற்றிப் பேசினால் பின்னால் வந்த விதிதான் செல்லும். கடைக்காகவென்று எழுதிய கோப்பு எல்லோருக்கும் பின்னால் நின்றால்தான் அதன் பேச்சு எடுபடும். அகரவரிசை அதை நடுவில் நிறுத்திவிட்டது. கோப்புகளின் பெயருக்கும் அவை பேசவேண்டிய முறைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இம்போர்ட் வரியும் அப்படித்தான். அது கோப்பின் தலையில் இருந்தால்தான் செல்லும், நடுவில் வந்தால் உலாவி பேசாமல் தாண்டிப்போய்விடும். ஆகவே அன்று தாய் தீம் முழுதுமே காணாமல் போயிருந்தது.

இரண்டாம் நாள் பக்கத்தின் மூலத்தில் இருந்த வரிசையை அப்படியே தாளில் எழுதிக்கொண்டேன். ப்ளக்இன்கள் முதலில், பிறகு இம்போர்ட் அழைத்த இடத்தில் தாய் தீம், பிறகு சேய் தீம், கடைசியில் கடையின் சொந்தக் கோப்பு. இம்போர்ட் வரியை நீக்கினேன். ஒட்டினேன். கைப்பேசியில் திறந்து பார்த்தேன், பழைய தோற்றம் அச்சு மாறாமல் இருந்தது. அலுவலகத்துப் பெண்ணின் கைப்பேசியிலும் சரியாக இருந்தது. வெள்ளைத் திரை கண்ணுக்குத் தெரியும்படி குறைந்திருந்தது. கடைக்காரருக்குச் செய்தி அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனோம்.

டீ ஆறுவதற்குள் அவர் அழைத்தார். கடையில் இருக்கும் கணினியில் திறந்திருக்கிறார். "தம்பி, சேலையெல்லாம் கொடியில் காயப்போட்ட மாதிரி ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்குகிறதே."

திரும்பி வந்து எங்கள் கணினியில் திறந்தோம். உண்மைதான். மெனு வெறும் நீல எழுத்துப் பட்டியலாகக் கிடந்தது. கூடை இல்லை, நிறம் இல்லை. கைப்பேசியில் இன்னும் எல்லாம் சரியாகவே இருந்தது. ஒரே கோப்பு, ஒரே முகவரி, இரண்டு முகம். சர்வர்தான் ஆளுக்கு ஒன்று தருகிறதோ என்று ஒரு மணி நேரம் தப்பான கதவைத் தட்டினேன்.

வழி காட்டியது அந்தப் பெண்தான். உலாவி ஜன்னலுக்குள்ளேயே திறக்கும் ஆய்வுப் பலகையை ஓரத்தில் வைத்து அகலமாக இழுத்தாள். பலகை அகல அகலப் பக்கம் சுருங்கியது. ஒரு கட்டத்தில் சட்டென்று மெனு, நிறம், கூடை எல்லாம் வந்து உட்கார்ந்தன. விட்டால் மறுபடி போய்விட்டது. "அண்ணா, ஜன்னலைச் சுருக்கினால் சரியாகிவிடுகிறது" என்றாள். எத்தனை அகலத்தில் மாறுகிறது என்று பார்த்தோம். சரியாக 600 பிக்சல்.

அதற்குப் பிறகு தேடுவது எளிது. சேர்த்த கோப்பில் 600 என்ற எண்ணைத் தேடினோம். நகரும் படங்களுக்கான கோப்பின் கடைசியில், திரை 600 பிக்சலுக்கு உட்பட்டிருந்தால் மட்டும் செல்லுபடியாகும் விதிகள் அடங்கிய ஒரு தொகுதி இருந்தது. அப்படிப்பட்ட தொகுதியின் முடிவில் இரண்டு நெளி அடைப்புகள் வரவேண்டும், ஒன்று உள்ளே இருக்கும் விதியை மூட, இன்னொன்று தொகுதியை மூட. அங்கே ஒன்றுதான் இருந்தது. தொகுதி மூடப்படவே இல்லை. அதற்குப் பின்னால் ஒட்டிய கோப்புகள் அத்தனையும், கடையின் சொந்தக் கோப்பு உட்பட, "சின்னத் திரைக்கு மட்டும்" என்ற வீட்டுக்குள் குடிபோய்விட்டன.

இத்தனை வருடம் அந்தப் பிழை ஏன் தெரியவில்லை? சிஎஸ்எஸ்ஸின் விதிமுறைப்படி, கோப்பு முடியும்போது எது திறந்திருந்தாலும் உலாவி தானே மூடிக்கொள்ளும். பிழை என்றுகூடச் சொல்லாது. தனிக் கோப்பாக இருந்தவரை கோப்பின் முடிவே அதற்குக் கதவாக இருந்தது. நான் ஒட்டியபோது அந்தக் கதவைப் பிடுங்கிவிட்டேன். தனிக்குடித்தனத்தில் மறைந்திருந்த குறை கூட்டுக் குடும்பத்தில் வெளியே வந்தது. அன்று இரவு ஒவ்வொரு கோப்பிலும் திறக்கும் அடைப்புகளையும் மூடும் அடைப்புகளையும் எண்ணி ஒப்பிடும் சின்ன நிரல் ஒன்றை எழுதினேன். இன்னும் ஒரு கோப்பு மாட்டியது.

அடைப்பைப் போட்டுச் சரிசெய்து ஏற்றினோம். கடையின் கணினியில் சேலைகள் இன்னும் கொடியிலேயே தொங்கின. இந்த முறை குற்றம் என் முன்யோசனையுடையது. கோப்பை ஒரு வருடம், அதாவது 31536000 வினாடி, கேஷில் (உலாவியின் கைவசச் சேமிப்பில்) வைத்துக்கொள் என்று சர்வர் வழியாக உலாவிக்குச் சொல்லியிருந்தேன். பெயர் மாறாததால் அவர் உலாவி பழைய கோப்பையே எடுத்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஒரு குறியீட்டைப் பெயரோடு சேர்க்கிறோம். ஓர் எழுத்து மாறினாலும் பெயர் மாறும், உலாவி புதிதாகக் கேட்கும். இதிலும் ஓர் இழப்பு உண்டு. பொத்தான் நிறத்தை மாற்றினால் முழுக் கோப்பையும் எல்லோரும் மறுபடி இறக்க வேண்டும். தினமும் தோற்றம் மாறும் தளமாக இருந்தால் நான் இப்படி ஒன்றாகச் சேர்த்திருக்க மாட்டேன்.

மூன்றாம் நாள் ஒரு நுணுக்கமான தொல்லை. புதிய சேலைகளின் மூலையில் "புதுவரவு" என்று ஒரு சின்னப் பட்டை வரும். எல்லாம் சரியான பிறகும் அதன் பின்னணி நிறம் மட்டும் வரவில்லை. கோப்பைத் திறந்து பார்த்தால் விதி கண்ணெதிரே இருக்கிறது, எழுத்துப் பிழை இல்லை, அடைப்பு சரி. அந்தத் தமிழ்ச் சொல்லே சிஎஸ்எஸ் கோப்புக்குள் எழுதப்பட்டிருந்தது. முன்பு வேலை பார்த்தவர் அதை விண்டோஸ் நோட்பேடில் சேமித்திருக்கிறார். தமிழ் எழுத்து கெடாமலிருக்க யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் சேமித்தது சரிதான். ஆனால் பழைய நோட்பேட் அப்படிச் சேமிக்கும்போது கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை வைத்துவிடும். கோப்பின் தொடக்கத்தில் இருந்தால் உலாவி அதை அடையாளம் கண்டு நீக்கிவிடும். ஒட்டும்போது அது நடுவில் வந்துவிட்டது. நடுவில் வந்தால் அதுவும் ஓர் எழுத்து. முதல் விதியின் பெயரோடு ஒட்டிக்கொண்டு, பக்கத்தில் இல்லாத எதையோ தேடச் சொல்லும். விதி வீண். எழுத்தெழுத்தாக அதன் எண் மதிப்பைக் காட்டும் கருவியில் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. தமிழில் வேலை செய்பவர்களுக்கே இது அதிகம் நேரும், ஆங்கிலம் மட்டும் எழுதியிருந்தால் அவர் யூடிஎஃப்-8 பக்கமே போயிருக்க மாட்டார். குறியை நீக்கிவிட்டு, சேர்த்த கோப்பின் முதல் வரியிலேயே எழுத்துக் குறியீடு யூடிஎஃப்-8 என்று அறிவித்தோம்.

ஐகான்கள் கட்டங்களாகத் தெரிந்ததும் அன்றுதான். சிஎஸ்எஸ்ஸுக்குள் எழுதும் பட, எழுத்துரு முகவரிகள் அந்தக் கோப்பு இருக்கும் இடத்திலிருந்து வழி சொல்பவை. கோப்பு வீடு மாறினால் வழியும் தப்பும். எல்லா முகவரிகளையும் தளத்தின் வேரிலிருந்து தொடங்கும்படி மாற்றினோம்.

எதைச் சேர்க்கக் கூடாது என்பதை இதற்கெல்லாம் முன்னால் யோசித்திருக்க வேண்டும். பனிக் கோப்பு, பயன்படாத நாட்காட்டி, ஐகான் எழுத்துருவின் பழைய பதிப்பு ஆகிய மூன்றும் குப்பைக்குப் போயின. தொடர்புப் படிவத்துக்கும் பணம் செலுத்தும் பக்கத்துக்கும் உரிய இரண்டை அந்தந்தப் பக்கத்தில் மட்டும் அழைத்தோம். பார்சலில் ஒட்டும் முகவரிச் சீட்டை அச்சிடுவதற்கான கோப்பு தனியாகவே இருக்கிறது. அச்சுக்கு மட்டும் என்று குறித்த கோப்பைக் கடைசி முன்னுரிமையில்தான் உலாவி இறக்கும், திரையை அதற்காக நிறுத்திவைக்காது. ஆக மிஞ்சியது 13, அவை ஒன்றாயின. அதில் கூகுள் எழுத்துருவுக்கான கோப்பும் அடக்கம். எழுத்துருவை எங்கள் சர்வருக்கே கொண்டுவந்து அந்தச் சில வரிகளையும் உள்ளே சேர்த்துவிட்டோம். எழுத்துரு ஹிந்த் மதுரை. பெயரைப் பார்த்துத்தான் கடைக்காரர் அதைத் தேர்ந்தெடுத்தாராம். அரிமா மதுரை என்று அப்போது இன்னொன்றும் இருந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் மாற்றச் சொல்வார்.

பலன். லைட்ஹவுஸின் அதே கைப்பேசிச் சோதனையில் முதல் எழுத்து திரையில் விழ ஐந்து வினாடிக்குச் சற்று மேல் எடுத்த பக்கம், மூன்று வினாடிக்குள் வந்தது. ஆனால் அந்தப் பெருமை முழுவதும் சேர்த்ததற்கு உரியதல்ல. படிப்படியாக ஒவ்வொன்றையும் திருப்பிப் போட்டு அளந்து பார்த்தோம். இம்போர்ட் சங்கிலியை அறுத்ததும், எழுத்துருவை வீட்டுக்குக் கொண்டுவந்ததும், வேண்டாதவற்றை எறிந்ததும் சேர்ந்துதான் பாதிக்கு மேல் கொடுத்தன. ஒட்டியதால் மட்டும் வந்தது மிச்சம்.

சில மாதங்களில் தளத்தை எச்டிடிபி/2 பேசும் சர்வருக்கு மாற்றினோம். 2015-இல் தரமாக வெளியான அந்த முறையில் ஒரே இணைப்பில் பல கோப்புகள் ஒரே நேரத்தில் கலந்து வரும், ஆறு ஆறாக நிற்கும் வரிசை கிடையாது. ஆசைக்கு ஒருநாள் அதே 13 கோப்புகளைத் தனித்தனியாகவே விட்டு அளந்தேன். ஒன்றாக்கிய கோப்புக்கும் இதற்கும் வித்தியாசம் மிகச் சிறியதாகிவிட்டது. ஒன்றாக இருந்தால், அனுப்புமுன் கோப்பைச் சுருக்கும் ஜிசிப் கொஞ்சம் கூடுதலாகச் சுருக்கும், ஒரே சொற்கள் மறுபடி மறுபடி வருவதால். அவ்வளவே. இம்போர்ட்டை மட்டும் திரும்ப வைத்தபோது பழைய வலி அப்படியே திரும்பியது. கோப்பு இருப்பதே தெரியாமல் எந்த முறையாலும் அதை முன்கூட்டிக் கேட்க முடியாது. இன்று ஒருவர் இதே வேலைக்கு வந்தால், சர்வர் எந்த முறையில் பேசுகிறது என்பதை முதலில் பாருங்கள், அடுத்து இம்போர்ட்டைத் தேடுங்கள், ஒட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

கோப்புகளை ஒன்றாக்கிய அடுத்த வாரமே கடைக்காரர் ஆரப்பாளையத்திலிருந்து அழைத்திருந்தார். பஸ் இன்னும் கிளம்பவில்லை, பக்கம் வந்துவிட்டதாம். பாராட்டப் போகிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். "சேலை சட்டென்று வருகிறது தம்பி. ஆனால் பெரிதாக்கிப் பார்த்தால் புள்ளி எல்லாம் கலங்கித் தெரிகிறதே. ஒவ்வொரு புள்ளியும் ஒரு முடிச்சு. கையால் நூல் சுற்றிக் கட்டியது. புள்ளி தெரியவில்லை என்றால் அது சுங்குடி என்று யார் நம்புவார்கள்?"

முந்தைய மாதம் படங்களைச் சுருக்கிய பெண் எதிர் மேசையில்தான் இருந்தாள். ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டாள். எதுவும் சொல்லாமல் மூலப் படங்கள் இருக்கும் கோப்புறையைத் திறந்தாள்.